படத்தில் தெரியாத வலிப்பு

எங்கள் தங்கைக்கு வலிப்பு வரும்போதெல்லாம் சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்போம். அதனால் பயனொன்றும் இல்லை என்பது எங்களுக்கு நான்கு ஆண்டுகள் கழித்தே விளங்கியது. ஜின்னின் தீண்டல் என்றனர் ராயபுரத்து உறவினர் சிலர். ஏர்வாடிக்கு அழைத்துச் செல்லுமாறு வற்புறுத்தினர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அவ்வூர்க் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி, சங்கிலியில் பிணைத்து வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டதை மறவாத அத்தா அதற்கு இணங்கவில்லை. மாத்திரைகளையே நம்பினோம். வலிப்பு நிற்கவில்லை.

பின்னர் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையில் குறையேதும் இல்லை என்று அறிக்கை வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன அதே நாவால், "அப்படியானால் இவள் நடிக்கிறாள்" என்றும் சொன்னோம். அடுத்த அறையில் அவள் விழித்தே இருந்தாள்.

அச்சொல் எத்துணைப் பிழையானது என்பதை நரம்பியல் மருத்துவர் ஒருவர் உணர்த்தினார். எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டுவது. தழும்பு, கட்டி, நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்தால் தெரியும். கால்கை வலிப்பு உள்ள பலருக்கும் அந்தப் படம் குறையற்றே இருக்கும். மூளையின் இயக்கத்தைப் பதியும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் இருவகை நோயாளிகளையும் கூட்டமாக ஒப்பிட்டு வேறுபாடு காண்கின்றன. ஆனால் தனியொருவருக்கு இன்ன வலிப்பு என்று தீர்ப்பளிக்க அவை இன்னும் போதா. வலிப்பு வரும் நேரத்திலேயே மூளையின் மின்னலைகளையும் உடலசைவையும் ஒருசேரப் பதியும் வீடியோ ஈ.ஈ.ஜி.யே நம்பகமான வழி.

முக்காட்டை நீக்கி, கேமராவின் முன் படுக்க வேண்டும் என்றதும் தங்கை அழுதாள். அம்மா அவளுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டினார். வலிப்பால் வருந்திய பெண்ணொருவர் நபி (ஸல்) அவர்களிடம் துஆ செய்யக் கேட்டு வந்தார். பொறுமைக்குச் சொர்க்கம் உண்டு என்றதும் பொறுமையையே தேர்ந்து, வலிப்பின்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டிக்கொண்டார். அந்தப் பெண்ணை எவரும் நடிப்பவர் என்று சொன்னதாக நாங்கள் படித்ததில்லை. பெண் ஊழியர் ஒருவரே மின்முனைகளை ஒட்டித் தலையில் துணிக்கட்டும் சுற்றினார்.

இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. உடல் துடித்தது, கண்கள் இறுக மூடியிருந்தன. மின்னலைகளோ விழித்திருப்பவரின் அலைகளாகவே ஓடின. இது மூளையின் மின்கோளாறன்று, நடிப்புமன்று. மனத்தின் பாரத்தை உடல் அவளைக் கேளாமலே வெளியிடுகிறது என்றார் மருத்துவர். சிலருக்கு இருவகையும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால் மாத்திரையை நாங்களாக நிறுத்தக் கூடாதென எச்சரித்து, தாமே மெல்லக் குறைத்தார். மனநல ஆலோசனைக்கும் அனுப்பினார்.

எப்போது தொடங்கியது என்று அங்கே கேட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி மோதி அண்ணன் வஃபாத்தான இரவில், வண்டியின் பின்னிருக்கையில் இருந்தவள் அவள். கீறலோடு தப்பினாள் என்று ஷுக்ர் செய்தோம். அவள் என்ன கண்டாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற மாதம் இரண்டு முறை வந்தது. சாவிக்கொத்தைத் தேடவில்லை. அருகில் அமர்ந்திருந்தோம்.