பதினொன்றே முக்கால் யூரோ

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைப்பது ஒரு குற்றமா? நீங்களே சொல்லுங்கள்!

ஜெர்மனியில் குற்றம்தான். மிக்ஸி ‘கர்ர்’ரென்று மூன்று சுற்று சுற்றியிருக்கும். வாசல் மணி அடித்தது. திறந்தால், கீழ்வீட்டுப் பாட்டி. கோபமெல்லாம் இல்லை. ரேஷன் கடையில் ‘சர்க்கரை வரலை’ என்பார்களே, அந்த நிதானத்தில், “இன்று ஞாயிறு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஞாயிறு என்றால் அமைதி நாளாம். மிக்ஸி கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலி கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடக் கூடாது. ‘டங்’ என்று சத்தம் வருமே! அன்றைக்குப் பாதி அரைபட்ட சட்னியைத்தான் தின்றோம்.

2024-ல் பத்து மாதம் லைப்ஸிக் நகரத்தில் இருந்தேன். சென்னையில் நான் அவ்வப்போது கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரு ஆபீஸ், அங்கே உள்ள கிளையின் கணக்கைச் சரிபார்க்க அனுப்பி வைத்தது. பி.காம்.காரனுக்கு இப்படியும் ஒரு யோகம்! தனி வீட்டு வாடகையைக் கேட்டு, அதைத் தொண்ணூறால் பெருக்கிப் பார்த்ததில் மயக்கம் வந்தது. எனவே, நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீட்டில் ஒரு அறை. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

மற்ற மூவரின் பெயர்கள் என் நாக்கில் படாதபாடு பட்டதால், நாட்டின் பெயராலேயே சொல்கிறேன். (அவர்களும் என் பெயரைப் பாதியாக வெட்டித்தான் வைத்திருந்தார்கள்.)

ஜெர்மன், மாணவன். யார் எந்த வாரம் பாத்ரூம் கழுவுவது என்று கலர் கலராக அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியவன். குப்பையைப் பிரிக்க எனக்கு வகுப்பே எடுத்தான். பேப்பருக்கு நீலத் தொட்டி, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கறுப்பு. டீ பையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறேன்.

பிரேசில், பாத்ரூமில் பாடுகிறவன். பாட்டு முடியாமல் வெளியே வரமாட்டான்.

மூன்றாமவர் உக்ரைன். கார்கிவ் நகரத்தில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். 2022 மார்ச்சில் ஒரு பையோடு வந்து சேர்ந்தாராம். இங்கே பேக்கரியில் வேலை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதிகம் பேசமாட்டார். வார இறுதியில் நாங்கள் ஊர் சுற்றக் கூப்பிட்டால், “வரவில்லை” என்று ஒரே வார்த்தை. ‘கொஞ்சம் தலைக்கனம்’ என்று நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

ஊர் சுற்றல் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதை வாங்கிவிட்டால், அதிவேக ரயில்களைத் தவிர்த்து, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். அப்போது 49 யூரோ. (2025-ல் 58 ஆக்கினார்கள், 2026-ல் 63.) பி.காம். மூளை சும்மா இருக்குமா? எத்தனை அதிகம் சுற்றுகிறோமோ அத்தனை லாபம்! வைமார், டிரெஸ்டன், நௌம்பர்க் என்று சனி தவறாமல் போனோம். போன இடத்தில் பார்த்ததைவிட, கிலோமீட்டருக்கு எத்தனை சென்ட் ஆயிற்று என்று நான் கணக்குப் போட்டதுதான் அதிகம்.

இந்தப் பெருமையால்தான் என்னை வீட்டுப் பொருளாளராகவும் ஆக்கினார்கள். மாதம் ஆளுக்கு 20 யூரோ ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எண்ணெய், உப்பு, டிஷ்யூ, சோப்புத் தண்ணி எல்லாம் அதிலிருந்து. நான் நோட்டுப் போட்டுப் பற்று வரவு எழுதினேன்.

இரண்டாவது மாதம் கணக்கு உதைத்தது. பணம் குறைந்திருந்தால் ‘பிரேசில்தான்’ என்று விட்டிருப்பேன். ஆனால், அதிகம் இருந்தது! பதினொன்றே முக்கால் யூரோ. கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், குறைவைவிட மிகைதான் ஆபத்து. சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டேன். கடைசியில், ‘டப்பாவில் கணக்கில் வராத பணம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர் உடனே விளக்கம் தரவும்’ என்று செல்போன் உதவியோடு ஜெர்மனில் மொழிபெயர்த்து, சிவப்பு மையில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது என்று ஜெர்மன் பிற்பாடு சொன்னான்.

மறுநாள் மாலை என் கதவு தட்டப்பட்டது. உக்ரைன். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு கத்தை சூப்பர் மார்க்கெட் ரசீது.

“நான் எதையும் திருடவில்லை” என்றார்.

அங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட். கடை மிஷினில் காலி பாட்டிலைப் போட்டால் ரசீது வரும். கல்லாவில் பணம் தருவார்கள். நாங்கள் குடித்துவிட்டு சமையலறை மூலையில் போட்ட பாட்டில்களையெல்லாம் வாரா வாரம் அவர்தான் சுமந்து போயிருக்கிறார். பாட்டில் எல்லோருடையது, ஆகவே பணம் டப்பாவுக்கு. நாற்பத்தேழு பாட்டில்! பாட்டில்கள் தாமாகவே மூன்று மாடி இறங்கி நடந்து போகின்றன என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்தோம் போலிருக்கிறது. 11.75-ஐ 25-ஆல் வகுத்துப் பார்க்கத் தோன்றாத நான்தான் பொருளாளர்.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன். போதவில்லை என்று பட்டதால் சாம்பார் வைத்தேன். (கிழமை பார்த்து, மிக்ஸி இல்லாமல்.) சாப்பிடும்போதுதான் ஏன் வார இறுதியில் வருவதில்லை என்று சொன்னார். அம்மா இன்னும் கார்கிவில்தான். மின்சாரம் எப்போது இருக்கிறதோ அப்போதுதான் கூப்பிடுவார். ரயிலில் சிக்னல் போய்விட்டால்?

“ஹாலே பக்கம்தான். முக்கால் மணிக்குள் போய்விடலாம். எங்கள் ஊர் சமாசாரம் ஒன்று அங்கே இருக்கிறது” என்றேன். வந்தார்.

ஹாலேயில் 1698-ல் பிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய அநாதை இல்லம் இருக்கிறது. அதன் உச்சி மாடியில் ஒரு அதிசய அறை. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. பழைய அலமாரிகளில் சங்கு, கிளிஞ்சல், உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் வந்த சாமான்கள். அவற்றின் நடுவே, ஓலைச்சுவடி! 1706-ல் தரங்கம்பாடிக்குப் போன சீகன்பால்கு கொஞ்ச காலம் ஹாலேயில் படித்தவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் இதே ஹாலேயில்தான் அச்சானது.

“படி” என்றார் உக்ரைன்.

கண்ணாடிக்கு வெளியே குனிந்தேன். புள்ளி இல்லை. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லை. காலுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு ‘க’ தெரிந்தது. அப்புறம் ஒரு ‘ம’.

“படிக்க வரவில்லை” என்றேன்.

“உன் மொழிதானே?”

பிரேசில் சிரித்தான். எனக்குக் காது சிவந்தது. பேச்சை மாற்ற மலையப்பன் கதையைச் சொன்னேன். சீகன்பால்கு 1714-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது கூடவே வந்த தமிழ்ப் பையன். குளிரில் என்ன தின்றானோ, அவனுக்கு ரூம்மேட் யாரோ, குப்பையைச் சரியாகப் போட்டானோ இல்லையோ!

“திரும்பிப் போனானா?” என்று கேட்டார் உக்ரைன்.

“போனான். இரண்டே வருஷத்தில்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவசரமாகப் படியில் இறங்கிப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்தார்.

“அம்மா. ஜன்னலுக்குக் கண்ணாடி போட ஆள் வந்திருக்கிறாராம். மூன்றாவது தடவை.”

அடுத்த சனிக்கிழமை எங்கே போகலாம் என்று முதன்முதலாக அவரே கேட்டார். சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ், டிரெஸ்டனுக்குப் பக்கம். மசாலா கேக்குக்குப் பேர் போன ஊர். பதினொன்றே முக்கால் யூரோவையும் அங்கே கேக்காகத் தின்று தீர்த்தோம். நோட்டில் ‘பிரயாணச் செலவு’ என்று எழுதி, சஸ்பென்ஸ் அக்கவுண்டை மூடினேன்.

திங்கட்கிழமை டப்பாவைத் திறந்தேன். 75 சென்ட் அதிகம். நோட்டீஸ் ஒட்டவில்லை. மூலையில் இருந்த பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு, நான் படி இறங்கினேன்.