விட்டுப்போனதைக் காத்த மலை

காஸ், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர், இரண்டாம் வாரம்

அன்புள்ள தோழி,

மூன்று நாளாக என் கைப்பேசியில் சிக்னல் இல்லை. அதனால்தான் காகிதம் வாங்கி உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே டவர் பழுதாகவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் டவர் வைப்பதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரயில். இந்தக் கடிதத்தை நீ உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். குன்னூர் லோகோ ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவரை ரயிலுக்காகக் காக்க வைக்கக் கூடாது.

அதற்கு முன் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பலாச்சிய மலைத்தொடரில் உள்ள இந்த மாவட்டத்தின் பெயர் போகஹான்டஸ். 1821-ல் உருவானது. பரப்பளவு ஏறக்குறைய 2,400 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட நம் நீலகிரி அளவு. நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி ஏழு லட்சம் பேருக்கு மேல். இங்கே 2020 கணக்கெடுப்பில் எட்டாயிரம் பேர்கூட இல்லை. மலைச்சாலையில் அரைமணி நேரம் காரில் போனாலும் எதிரே ஒரு வண்டி வந்தால் அதிசயம். வண்டியில் வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். எட்டு ஆறுகள் இந்த மலைகளில் பிறக்கின்றன. அதனால் 'நதிகள் பிறக்கும் இடம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, ரயிலுக்கு வருகிறேன். காஸ் என்ற இந்தச் சிற்றூரை 1901-ல் ஒரு காகிதக் கம்பெனி உண்டாக்கியது. மலையுச்சியில் இருந்த செந்நிற ஸ்ப்ரூஸ் மரங்கள்தான் குறி. மரத்தை வெட்டி ரயிலில் இறக்கி, காகித ஆலைக்குக் கூழ்மரமாக அனுப்பினார்கள். ஒரே மாதிரி வெள்ளையடித்த மரவீடுகள், கம்பெனியே நடத்திய பெரிய கடை, மரம் அறுக்கும் ஆலை என்று ஊர் முழுக்கக் கம்பெனிக்குச் சொந்தம். மரம் வெட்டியவர்களை 'வுட் ஹிக்ஸ்' என்பார்களாம். மலைமேல் முகாம் போட்டுத் தங்கி வெட்டினார்கள். காடு மொட்டையானது. 1960 ஜூலையில் ஆலையை மூடினார்கள். ஆலை போனால் ஊரும் போக வேண்டியதுதான். எஞ்சின்களைப் பழைய இரும்புக்குப் போடத்தான் பேச்சு நடந்தது.

அப்போது ரயில்மேல் பித்துக்கொண்ட சிலர் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். மாநில அரசு தண்டவாளத்தையும் எஞ்சின்களையும் வாங்கியது. 1963-ல் அதே பாதையில் பயணிகள் ரயில் ஓடியது. முன்பு மரக்கட்டை ஏற்றிய தட்டை வண்டிகளுக்கே கூரையும் பெஞ்சும் போட்டுப் பெட்டிகளாக்கினார்கள். ஆலையில் வேலை பார்த்த பழைய டிரைவர்களும் மெக்கானிக்குகளும் திரும்ப வந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பெட்டியில்தான் நானும் உட்கார்ந்து போனேன்.

அப்பாவிடம் இதைச் சொல்: இந்த எஞ்சினுக்கு 'ஷே' என்று பெயர். எஃப்ரைம் ஷே என்பவர் 1881-ல் காப்புரிமை வாங்கியது. நாம் பார்த்த எஞ்சின்களில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்குமே, இதில் மூன்று சிலிண்டர்களும் வலப்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. தையல் மெஷின் ஊசி மாதிரி பிஸ்டன் மேலும் கீழும் குத்துகிறது. கீழே எஞ்சினின் நீளத்துக்கும் ஒரு தண்டு ஓடுகிறது. அந்தத் தண்டு பல்சக்கரம் வழியாக ஒவ்வொரு அச்சையும் சுழற்றுகிறது. சிலிண்டரின் கனத்தை ஈடுகட்ட பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் எஞ்சின் ஒருபக்கம் ஒதுங்கி நிற்பதுபோல இருக்கும். எல்லாச் சக்கரமும் இழுப்பதால் நூறடிக்குப் பதினோரு அடி ஏறும் சரிவுகளில்கூடப் போகிறது. நம் மேட்டுப்பாளையம் ரயிலில் அதிகபட்ச ஏற்றம் 12 அடிக்கு ஓரடி. அதற்கே நடுவில் பல்சட்டம் வேண்டியிருக்கிறது. இங்கே வெறும் தண்டவாளம்தான். ஒரு விஷயம் மட்டும் நம்மூர் மாதிரியே: எஞ்சின் கீழே நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது.

வேகம் மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், சத்தம் மட்டும் எக்ஸ்பிரஸ் சத்தம். பல்சக்கர எஞ்சின் இல்லையா, சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் புகைபோக்கி பலமுறை இரைக்கிறது. நிலக்கரித் தூள் முகத்தில் வந்து விழுந்தது. சின்ன வயதில் நம் ரயிலில் கல்லார் பாலத்தில் ஜன்னலோரம் சண்டை போட்டு உட்கார்ந்து, கண்ணில் கரி விழுந்து அழுதது நினைவுக்கு வந்தது. வழியில் இரண்டு இடத்தில் ரயில் முன்னே போய், பின்னே வந்து, இசட் வடிவில் மலை ஏறுகிறது. 11 மைல் ஏறினால் பால்ட் நாப் என்ற சிகரம், உயரம் 4,842 அடி. அங்கே ஸ்ப்ரூஸ் மரங்கள் மறுபடி அடர்ந்து நிற்கின்றன. வெட்டியவர்களின் பேரன் பேத்திகள் இன்று அந்த நிழலைக் காட்டுவதற்கு ஆளைக் கூட்டிப்போகிறார்கள்.

சிகரத்திலிருந்து பார்த்தால் தூரத்துப் பள்ளத்தாக்கில் வெள்ளையாக ஒன்று தெரியும். அதுதான் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி. என் கைப்பேசியின் மௌனத்துக்குக் காரணமும் அதுதான்.

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகள் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு மெலிந்தவை. பக்கத்தில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் போதும், அவை அமுங்கிவிடும். நாலாபுறமும் மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கை அதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். 1958-ல் சுற்றிலும் 13,000 சதுர மைலை 'தேசிய ரேடியோ அமைதி மண்டலம்' என்று அறிவித்தார்கள். தொலைநோக்கிக்கு அருகே டீசல் வண்டி மட்டுமே போகலாம். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் எழுப்பும் பொறிகூட ரேடியோ அலையாகப் போய்ச் சேருமாம். டிஜிட்டல் கேமராவையும் வாசலிலேயே அணைத்து வைக்கச் சொன்னார்கள்.

டீசல் பஸ்ஸில் போய் அடியில் நின்று பார்த்தேன். 485 அடி உயரம். தட்டின் பரப்பு இரண்டு ஏக்கருக்கு மேல், இரண்டாயிரத்துச் சொச்சம் அலுமினியத் தகடுகள் சேர்ந்தது. ஏறக்குறைய 7,700 டன் எடையை வைத்துக்கொண்டு, வட்டத் தண்டவாளத்தில் சத்தமில்லாமல் திரும்புகிறது. இதற்கு முன் இங்கே 300 அடி விட்டத்தில் இன்னொன்று இருந்தது. 1988 நவம்பர் 15 இரவு அது அப்படியே சரிந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பதிலாக எழுந்ததுதான் 2000-ல் திறந்த இந்தத் தொலைநோக்கி. பூமிக்கு வெளியே யாராவது பேசுகிறார்களா என்று மனிதன் முதன்முதலில் ரேடியோவில் காதுகொடுத்ததும் இந்த வளாகத்தில்தான். 1960-ல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் 85 அடித் தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பி வைத்துக் கேட்டார். பதில் வரவில்லை. கேட்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அங்கே நின்றபோது முத்தொரை ஞாபகம் வந்தது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் வழிநடத்திக் கட்டி, 1970-ல் இயங்கத் தொடங்கிய நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு 11 பாகை வடக்கே இருப்பதால், அதே 11 பாகைச் சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதன்மேல் கிடத்தினார்கள். மலையையே கருவியின் பாகமாக்கிய யோசனை அது! கிரீன் பேங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவதைப் பார்த்தேன். நாம் குன்னூரில் படித்த பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளாவது முத்தொரைக்குக் கூட்டிப்போனார்களா?

இந்த அமைதிக்கு ஊர்க்காரர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் ரேடியோவில் பேசுவதே சிரமம் என்று நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாள், சோள ரொட்டியும் பீன்ஸும் பரிமாறியபடி, வெளியூரிலிருந்து வரும் பேரன் இரண்டாம் நாளே புறப்பட்டுவிடுகிறான் என்று வருத்தப்பட்டார். கூடவே, இருக்கும் அந்த ஒரு நாளும் தன்னோடு பேசுகிறான் என்றும் சொன்னார்.

மறுநாள் தெற்கே போனோம். வழியில் மாவட்டத் தலைநகர் மார்லின்டன். 1749-ல் ஜேக்கப் மார்லின், ஸ்டீபன் சூவெல் என்று இரண்டு பேர் இங்கே குடிசை போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு வெள்ளையர் கிடையாது. இரண்டே பேர், அவர்களுக்குள்ளும் மதத்தைப் பற்றிச் சண்டை. சூவெல் கோபித்துக்கொண்டு பக்கத்திலிருந்த சிக்கமோர் மரத்தின் பொந்தில் குடியேறிவிட்டாராம். காலையில் இருவரும் எழுந்துவந்து ஒருவருக்கொருவர் வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்வார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள்.

அங்கிருந்து டிரூப் மலை. 1863 ஜூன் 20-ல் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது. ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், நவம்பர் 6-ல் இந்த மலையுச்சியில் உள்நாட்டுப் போரின் சண்டை ஒன்று நடந்தது. ஏவரெல் தலைமையிலான வடக்குப் படை, எக்கல்ஸ் தலைமையிலான தெற்குப் படையை முறியடித்தது. இரண்டு பக்கத்திலும் இந்த மாநிலத்துக்காரர்கள் இருந்தார்கள். 1928-ல் இந்தப் போர்க்களம்தான் மாநிலத்தின் முதல் அரசுப் பூங்காவானது. மரத்தாலான பார்வைக் கோபுரத்தில் ஏறினேன். கீழே பசும்புல்வெளி, மாடுகள், அவற்றுக்கு நடுவே ஹில்ஸ்பரோ என்ற சிற்றூர்.

அந்த ஊரில் ஒரு வெள்ளை வீடு. நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் கட்டியது. அந்த வீட்டில்தான் 1892 ஜூன் 26-ல் நாவலாசிரியர் பேர்ல் எஸ். பக் பிறந்தார். சீனாவில் மதப்பணி செய்த பெற்றோர் விடுப்பில் அம்மாவின் அந்த வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சீனாவுக்கே திரும்பிவிட்டார்கள். சீன விவசாயியின் வாழ்க்கையைச் சொன்ன 'தி குட் எர்த்' நாவலுக்கு 1932-ல் புலிட்சர் பரிசு. 1938-ல் இலக்கிய நோபல், அமெரிக்கப் பெண்களில் முதல் ஆள். நம் ஆர். கே. நாராயணின் 'தி கைட்' நாவல் ஆங்கிலத்தில் படமானபோது திரைக்கதை எழுதியதும் இவர்தான். தாய்வீடு என்ற சொல் எவ்வளவு பொருந்துகிறது பார்! அம்மா பிரசவத்துக்காகத் தங்கிய வீட்டை, பிள்ளை பிறந்த மூன்றே மாதத்தில் போய்விட்டாலும், ஊர் மறக்காமல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது.

கடைசியாகக் கிரான்பெரி கிளேட்ஸ். கனடாப் பக்கம் இருக்க வேண்டிய சதுப்புநிலம், பனியுகம் முடிந்து குளிர் வடக்கே பின்வாங்கியபோது இந்த மலைமடியில் தங்கிவிட்டது. கால் பட்டால் கெட்டுவிடும் என்று அரை மைலுக்கு மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நான் பலகைமேல் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பாசிக்கு நடுவே நகக்கண் அளவு சிவப்பு இலைகள், ஒவ்வொரு மயிர்நுனியிலும் ஒரு துளி. நம் சித்த வைத்தியர்கள் அழுகண்ணி என்பார்களே, அந்தச் செடியின் சொந்தம். அந்தக் கண்ணீர்த்துளியில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு துடித்தது. சத்தில்லாத மண்ணில் பிழைக்க அந்தச் செடிக்குத் தெரிந்த வழி அது.

இந்த மாவட்டமும் அப்படித்தான் பிழைக்கிறது என்று தோன்றியது. மரக் கம்பெனி போனது, அது விட்ட ரயிலைக் காத்தார்கள். பழைய ரயில் பாதை ஒன்றைக் கைவிட்டதும், கிரீன்பிரையர் ஆற்றோரமாக 78 மைலுக்கு நடைபாதை ஆக்கிவிட்டார்கள். போர் முடிந்தது, களத்தைக் காத்தார்கள். எல்லா ஊரும் தொலைத்துவிட்ட அமைதியைச் சட்டம் போட்டுக் காத்தார்கள். மூன்று நாளில் நான் பார்க்கப் போன இடங்களில் எதுவுமே சுற்றுலாவுக்கென்று புதிதாகக் கட்டியது இல்லை. நம் மலையில் அடுத்து என்ன கட்டலாம் என்றே கேட்கிறோம். என்ன மிச்சம் இருக்கிறது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். இதுதான் நான் இங்கே கற்றுக்கொண்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காஸ் ஒர்க் ஷாப்பில் இன்று ஷே எஞ்சினைப் பழுது பார்க்க முடிகிறதென்றால், 1963-ல் திரும்பி வந்த அந்தப் பழைய ஆட்கள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனதால்தான். அப்பாவுக்கு எண்பது வயதாகிறது. நம் மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் கிளாஸ் எஞ்சினின் ஒவ்வொரு நட்டும் அவருக்குத் தெரியும். ஒரு நோட்டு வாங்கி, சாயங்காலம் அரைமணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதை எழுதிவை. நான் வந்ததும் அடுத்த பாதியை எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி