சுவரில் தொங்கும் பிறேம்

எங்கட அறைச் சுவரில் ஒரு காபன் பிறேம் தொங்குகிறது. சில்லு இல்லை, செயின் இல்லை, ஹாண்டில் இல்லை. போன நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த அண்ணா ஒருவர் கொண்டுவந்து தந்தது. புதுசாக இருந்த காலத்தில் நாலாயிரம் டொலருக்குக் கிட்டப் போன சாமான். பெயரைச் சொன்னால் சைக்கிள் பைத்தியங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனபடியால் சொல்லவில்லை. இப்ப அதுக்கு மேல எங்கட துவாய் காயுது.

நாங்கள் மூன்று பேர். திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். மூன்று பேரும் பெண்கள், மூன்று பேரும் கலைப்பீடம். எங்களில் ஒருத்திதான் சைக்கிள் போட்டிகளுக்கு ஓடுகிறவள். அவள் ஆரெண்டு இங்கே சொல்லமாட்டோம். 2022இல் பெற்றோல் வரிசைகள் ஊர் தாண்டி நீண்ட காலத்தில், தகப்பனின் லுமாலாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்கு வந்துபோனவள். அப்ப பிடிச்ச பைத்தியம் விடேல்லை. (எங்கட அம்மாமாருக்கு இதெல்லாம் புதினமில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் ஊரே சைக்கிளில்தான் ஓடினது, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது எண்டு ஒவ்வொரு முறையும் தொடங்குவினம்.) பிறகு ஒரு பழைய அலுமினிய றேசிங் சைக்கிள் வாங்கினாள். மூன்று வருசமாக அதில்தான் ஓட்டம்.

மாகாணப் போட்டிக்கு முதல் ஒரு காபன் பிறேம் எடுத்துப் போடவேணும் எண்டு முடிவெடுத்தம். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சுச் சேர்த்த காசு, மூன்று பேருடையதும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் இருந்தது. அந்தக் காசுக்குக் கடையில் போய்ப் புதுப் பெரிய பிராண்ட் எடுக்கலாம் எண்டு நினைக்கிறவை, டொலர் விலையை முந்நூறால் பெருக்கிப் பார்க்கவும். இன்னொரு பிரச்சினையும் இருந்தது. அவளின் பழைய சைக்கிள் றிம் பிறேக். இப்ப வாற விலைகூடின பிறேம்கள் எல்லாம் டிஸ்க் பிறேக்குக்குத்தான் செய்யிறாங்கள். பழைய சில்லையும் கியரையும் மாத்திப் பூட்டவேணும் எண்டால் எங்களுக்கு ரெண்டே ரெண்டு வழி. ஒண்டு, சீனாவில் இருந்து பெயரில்லாத புதுப் பிறேம். மற்றது, வெளிநாட்டில் ஆராவது கழட்டி வைச்ச பழைய, பெயருள்ள பிறேம்.

ரெண்டு மாசம் இரவிரவாக வாசிச்சம். அந்த வாசிப்பைப் பாடத்துக்கு வாசிச்சிருந்தால் எங்கட பெறுபேறே வேறயாக இருந்திருக்கும்.

முதலில் விளங்கினது, காபன் எண்டு ஒரே ஒரு சாமான் இல்லை எண்டது. ஜப்பானில் ரோறே எண்டொரு நிறுவனம் செய்யிற நார்களைத்தான் எல்லாரும் அளவுகோலாக வைச்சுக் கதைக்கினம். டி700, டி800 எண்டு இலக்கங்கள். இலக்கம் கூடக்கூட நார் உறுதியாகும். அதே எடைக்குக் கூட விறைப்புக் கிடைக்கும், ஆனபடியால் குறைச்ச நாரில் மெல்லிசாகச் செய்யலாம். மலிவுப் பிறேம்காரரும் இப்ப டி700, டி800 எண்டு பெரிய எழுத்தில் போடுறாங்கள், அது பொய்யாக இருக்கவேணும் எண்டில்லை. ஆனால் நார் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பாய் பின்னுற ஆளுக்குத் தெரியும், ஓலை ஒண்டு, பின்னுற கை வேற. எந்த இடத்தில் எத்தனை பட்டை, எந்தக் கோணத்தில், பிசின் எவ்வளவு, உள்ளுக்குக் காத்துக் குமிழ் நிண்டுதா, சுருக்கு விழுந்துதா எண்டதில்தான் பிறேமின் உயிர் இருக்கு. விலைகூடின கொம்பனி அதுக்கும், செய்து முடிச்சதைச் சோதிக்கிறதுக்கும், சோதனையில் தோத்ததை எறியிறதுக்கும்தான் காசு எடுக்குது. விளம்பரத்துக்கும் எடுக்குது, அது வேற கதை.

இன்னொரு விசயம் எங்களைச் சிரிக்க வைச்சது. ஸ்பெஷலைஸ்ட் கொம்பனியின் டார்மாக் எஸ்எல்8 பிறேம் ரெண்டு தரத்தில் வருது. கூடின தரம் 685 கிராம், அதுக்குக் கீழ் உள்ளது 780 கிராம் எண்டு கொம்பனியே சொல்லுது. வடிவம் ரெண்டுக்கும் ஒண்டுதான். காத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். விலைதான் எங்கேயோ போகுது. வித்தியாசம் 95 கிராம், ஒரு பணிசுக்குக் கிட்ட.

கணக்குப் போட்டம். அவளும் சைக்கிளும் சேர்ந்து அறுபது கிலோ வரும். மலிவுப் பிறேம் முந்நூறு கிராம் கூட எண்டு வைச்சால் அரை வீதம். நுவரெலியாவுக்கு ஏறுற பாதையில் ஒரு மணித்தியாலம் மிதிச்சால் ஒரு பதினைஞ்சு, பதினெட்டுச் செக்கன் பிந்தலாம். யாழ்ப்பாணத்தில் ஏத்தம் எங்க இருக்கு? இங்க மலை எண்டால் காத்துத்தான். சோளகம் எழும்பின நேரத்தில் பண்ணைப் பாலத்தில் வேலணைப் பக்கம் மிதிச்சுப் பாத்த ஆக்களுக்குத் தெரியும். அந்தக் காத்து பிறேமின் எடையைக் கேக்கிறேல்லை, நெஞ்சைத்தான் பிடிச்சுத் தள்ளும். குனிஞ்சு இருந்தால் தப்பலாம். அப்பிடிக் குனிஞ்சு இருக்கிறதுக்குப் பிறேம் ஆளுக்கு அளவாக இருக்கவேணும்.

இந்த இடத்தில்தான் கனடா அண்ணாவின் பிறேம் வந்து இறங்கினது.

ஓடுறவளின் பெரியம்மாவின் மகன் அவர். நாங்கள் தேடுறது கேள்விப்பட்டு, கேக்காமலே, பெரிய பெட்டி ஒண்டில் சுத்தி, விமானத்தில் மேலதிகக் காசு கட்டிக் கொண்டுவந்தவர். “தங்கச்சி, இதில நான் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடினனான். இனி நீ ஓடு” எண்டார். ஒரு சதமும் வாங்கேல்லை. அவள் அழுதே போட்டாள். தூக்கிப் பாத்தால் கையில் ஒண்டுமே இல்லாத மாதிரி.

ஆனால் அது 54. அவளுக்கு வேண்டியது 48. எங்கட ஊருக்கு வெளிநாட்டில் இருந்து வந்து சேருற பழைய நல்ல பிறேம்கள் நாங்கள் பாத்த வரைக்கும் எல்லாம் ஆம்பிளைகளின் அளவு. ஓடினவை, வாங்க வசதி இருந்தவை அவைதானே. கட்டை ஸ்ரெம் போட்டு, சீற்றை முன்னுக்குத் தள்ளிச் சமாளிக்கலாம் எண்டு ரெண்டு கிழமை எங்களை நாங்களே ஏமாத்தினம்.

பூட்டுறதுக்குக் கொண்டுபோன இடத்தில்தான் மற்றது தெரிஞ்சது. கடை அண்ணை நாற்பது வருசமாக றலியும் ஹம்பரும் திருத்தின ஆள், காபனை அண்டைக்குத்தான் கையில் எடுக்கிறார். எடுத்த உடனே சட்டியைத் தட்டிப் பாக்கிற மாதிரி ஒரு குத்தியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு போனார். கிண், கிண், கிண் எண்டு வந்த சத்தம் கீழ்க்குழாயின் ஒரு இடத்தில் டொக் எண்டது. திரும்பத் தட்டினார். திரும்பவும் டொக்.

“பிள்ளை, இது எங்கயாவது விழுந்ததோ?”

அண்ணாவுக்கு எடுத்துக் கேட்டம். “ஒருக்காச் சின்னனா வழுக்கினது. ஒண்டும் நடக்கேல்லை, நான் பிறகும் ஓடினனான்” எண்டார். உண்மையாகவும் இருக்கலாம். மூட்டுக்குக் கிட்டப் பட்டை தடிப்பாக இருந்தாலும் சத்தம் மாறும், தட்டிப் பாத்து முடிவு சொல்ல ஏலாது எண்டும் வாசிச்சிருந்தம். ஸ்கான் எடுத்தால் தெரியுமாம். எங்களுக்குத் தெரிஞ்ச ஸ்கான் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான்.

இரும்பு எண்டால் வளையும். வளைஞ்சதைக் கடை அண்ணை நிமித்தித் தருவார். அலுமினியம் எண்டால் நெளிவு கண்ணுக்குத் தெரியும். காபன் உள்ளுக்குப் பட்டை விட்டாலும் வெளியால வர்ணம் மினுங்கிக்கொண்டு இருக்கலாம், பிறகு ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் விடலாம். அது நாப்பதில் போற நேரமாகவும் இருக்கலாம்.

அண்டைக்கு இரவு எங்களுக்குள் பெரிய சண்டை. “அவர் ஓடினவர்தானே, நானும் ஓடுவன்” எண்டு அவள். “உன்ர பல்லுக்கு ஆர் பொறுப்பு?” எண்டு நாங்கள். உண்மையில் அவள் பிறேமுக்காகச் சண்டை பிடிக்கேல்லை எண்டு பிறகுதான் விளங்கினது. அவளின் குடும்பத்தில் அவள் ஓடுறதைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்ன முதல் ஆள் அந்த அண்ணா. மற்ற எல்லாரும் கால்சட்டையைப் பற்றித்தான் கதைச்சவை. அந்த ஆள் தூக்கிக்கொண்டு வந்து தந்ததை எப்பிடி வேண்டாம் எண்டிறது?

விடிய எழும்பி, ஒண்டும் சொல்லாமல், பிறேமைச் சுவரில் கொழுவினாள்.

பிறகு நடந்ததைக் கெதியாகச் சொல்லலாம். சீனப் பிறேம் ஒண்டு, அளவு 48. ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை காட்டுறவனாகப் பாத்து எடுத்தம். அந்த அறிக்கை எங்களுக்கு வந்த பிறேமுக்குத்தான் எண்டதுக்குச் சாட்சி இல்லை, நம்பினதுதான். பெரிய சர்வதேசப் போட்டி எண்டால் சைக்கிள் சம்மேளனத்தின் ஒப்புதல் முத்திரை வேணும். எங்கட போட்டிக்கு அதைத் தேடி ஆரும் வரேல்லை. அனுப்புற செலவும் சுங்கமும் சேர்த்துக் காசு முழுக்க முடிஞ்சுது. 950 கிராம் எண்டு எழுதியிருந்தான், மூலைக் கடைத் தராசில் 1,080 நிண்டுது. “வர்ணம் அடிச்ச பாரமாக்கும்” எண்டார் கடைக்காரர், காபனைப் பற்றி ஒண்டும் தெரியாத மனுசன்.

சீற் போஸ்ற் பூட்டுறதுதான் பயம். அதில் 5 நியூட்டன் மீற்றர் எண்டு எழுதியிருக்கும். கூட இறுக்கினால் குழாய் நசிஞ்சு வெடிக்கும். கடை அண்ணையின் கை இரும்புக்குப் பழகின கை, அவர் ஆசையாக ஒரு இறுக்கு இறுக்கினால் எங்கட ரெண்டு வருச ரியூசன் காசு முடிஞ்சுது. கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படிக்கிற ஒரு சினேகிதி ரோர்க் றெஞ்ச் ஒண்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள். அது 20இல்தான் தொடங்குது. கடைசியில் அவளே கணக்குச் சொன்னாள்: சாவியைப் படுக்கையாகப் பிடி, ஆணியில் இருந்து பத்துச் சென்ரிமீற்றரில் ஐஞ்சு கிலோவைத் தூக்கு, அவ்வளவுதான். ஐஞ்சு கிலோ அரிசிப் பையைச் சாவியில் கட்டித் தொங்கவிட்டம். சாவி இறங்கி நிண்டுது. கடை அண்ணை கையைக் கட்டிக்கொண்டு பாத்தவர், “ஆர்ட்ஸ் படிக்கிறனீங்கள் எண்டல்லோ சொன்னனீங்கள்?” எண்டார்.

மாகாணப் போட்டியில் ஐஞ்சாவதாக வந்தாள். பிறேமால் இல்லை. கடைசி நாலு கிலோமீற்றரும் காத்துக்கு மறைஞ்சு இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னாலே ஒட்டிக்கொண்டு போனதால். ஆனால் அவ்வளவு நேரம் குனிஞ்சு இருந்தும் முதுகு நோகேல்லையாம்.

போன கிழமை அண்ணா வீடியோவில் வந்தார். “எப்பிடித் தங்கச்சி, பிறேம் பறக்குதோ?”

“ஓம் அண்ணா, நல்லா ஓடுது” எண்டாள். எந்தப் பிறேம் எண்டு அவரும் கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை. கமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பாமல் மட்டும் பாத்துக்கொண்டம்.

இந்த முறையும் திருவிழாவுக்கு வாறாராம், எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வருவாராம். ஆடி பிறக்கப் போகுது. துவாயை எடுத்துப் போட்டு, பிறேமின் தூசியைத் துடைச்சு வைச்சிருக்கிறம்.