எளிய எஞ்சினின் பெருமை

குடும்ப இதழில் கார் எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஒரு வாடகைக் காரின் வருவாயால் வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. என் தந்தையார் அம்பாசிடர் கார் ஓட்டியே எங்கள் ஐவரையும் படிக்க வைத்தார். அந்தக் காரின் எஞ்சினைக் குறித்து நன்றியோடு சில சொல்வது என் கடமை.

மோட்டார்ப் பொறியியல் கற்ற என் தம்பி மகன் அண்மையில், "பெரியப்பா, புஷ்ராடு எஞ்சின் இனி அருங்காட்சியகத்திற்கே உரியது. இன்றைய எஞ்சின்களில் வால்வுகள் வேகத்திற்கேற்ப நேரம் மாற்றித் திறக்கின்றன" என்றான். அவன் கூற்றின் பின்பாதி உண்மை. முன்பாதியை நான் ஒப்பவில்லை. ஏன் என்பதைக் கூறுகிறேன்.

எஞ்சினும் மூச்சு விடுகிறது. காற்றும் எரிபொருளும் உள்ளே புக ஒரு வால்வு. எரிந்த புகை வெளியேற மற்றொரு வால்வு. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகின்றது. இவ்வேலையைச் செய்விப்பது மேடுகள் அமைந்த ஒரு தண்டு. அதனைக் கேம் ஷாப்ட் என்பர். புஷ்ராடு எஞ்சினில் இத்தண்டு கீழே, எஞ்சினின் உடற்பகுதியிலேயே அமைந்திருக்கும். அதன் மேடு ஒரு நீண்ட கோலை மேலே தள்ளும்; கோல் ராக்கர் என்னும் நெம்புகோலை அசைக்கும்; அது வால்வைத் திறக்கும். அக்கோலே புஷ்ராடு.

ஒரு தலைமுறைக் காலம் நம் நாட்டுச் சாலைகளை ஆண்டவை இத்தகைய எஞ்சின்களே. 1959 முதல் அம்பாசிடருக்கு வாய்த்த 1489 சி.சி. எஞ்சினும், பம்பாயில் உருவான பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினும், நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினும் புஷ்ராடு வகையினவே. 1983-இல் வந்த மாருதி 800-இல்தான் கேம் ஷாப்ட் எஞ்சினின் தலைக்கு மேலேறியது.

இவ்வகையின் முதற்சிறப்பு, அதனைப் பேணுவதன் எளிமை. வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே நகத்தின் கனமளவே இடைவெளி இருத்தல் வேண்டும். அது மிகுந்தால் 'டிக் டிக்' என்ற ஓசை எழும். குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடும். என் தந்தையார் அவ்வோசையைக் கேட்டே நிலைமையை அறிவார். ஒரு ஸ்பானரும், ஒரு திருப்புளியும், கனம் அளக்கும் மெல்லிய தகடுகளும் கொண்டு வீட்டு வாசலிலேயே டாப்பெட்டைச் சரிசெய்து முடிப்பார். பட்டறைக்குப் போகாது மிஞ்சிய அந்தப் பணம் எங்கள் பள்ளிக் கட்டணமாயிற்று.

இரண்டாவது சிறப்பு அமைப்பின் அடக்கம். கேம் ஷாப்ட் கீழேயே இருப்பதால் அதனைச் சுழற்றக் குறுகிய சங்கிலியே போதும். ஆங்கில எழுத்தான 'வி' வடிவில் எட்டு சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினில், நடுவே உள்ள ஒரே கேம் ஷாப்ட் பதினாறு வால்வுகளையும் இயக்கிவிடும். இரட்டைக் கேம் ஷாப்ட்களைத் தலையில் தாங்கும் எஞ்சினுக்கோ நான்கு ஷாப்ட்களும் நீண்ட சங்கிலிகளும் தேவை. உயரமும் பருமனும் கூடும்.

குறைகளையும் மறைத்தல் தகாது. கோலும் ராக்கரும் எடையுள்ளவை. மிகுந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்குகள் அவற்றை அடக்க இயலாமல் திணறும். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைப்பதும் இம்முறையில் கடினம்.

இனி, நேரம் மாறும் வால்வுகளின் பயனைக் காண்போம். நிதானமாக நடப்பவன் மூச்சும் ஓடுபவன் மூச்சும் ஒன்றல்ல. எஞ்சினுக்கும் அவ்வாறே. மெதுவாகச் செல்கையில் ஏற்றது ஒரு நேரம். விரைகையில் ஏற்றது வேறொரு நேரம். பழைய எஞ்சின்கள் இரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு நேரத்தோடு அமைதி கொண்டன. ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 1980-இல் தன் ஸ்பைடர் காரிலும், ஹோண்டா 1989-இல் தன் இன்டெக்ரா காரிலும், அவரவர் வழியில் இக்கட்டை அவிழ்த்தனர். இன்று பெரும்பாலும் எண்ணெயின் அழுத்தத்தாலேயே கேம் ஷாப்ட் சிறிது முன்னோ பின்னோ திருப்பப்படுகிறது. எரிபொருள் மிச்சமாகிறது, புகையின் நச்சும் குறைகிறது.

ஆனால் இவ்வறிவு புஷ்ராடு எஞ்சினுக்குப் பகையன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், 3.9 லிட்டர் புஷ்ராடு எஞ்சினிலேயே நேரம் மாறும் வால்வுகளை அமைத்தது. ஒரே ஷாப்ட் ஆதலின், புகும் வால்வும் வெளியேற்றும் வால்வும் அதில் ஒருங்கே மாறின. 2008-ஆம் ஆண்டின் டாட்ஜ் வைப்பர் காரின் 8.4 லிட்டர் எஞ்சினில் இதற்கும் வழி கண்டனர்: ஒரு குழாய்க்குள் ஒரு தண்டு. இருவகை மேடுகளும் ஒரே அச்சில் இருந்தும் தனித்தனியே திரும்பலாயின. 2020-ஆம் ஆண்டின் கார்வெட் விரைவுக் காரிலும் 6.2 லிட்டர் புஷ்ராடு எஞ்சினே இடம்பெற்றது. அருங்காட்சியகத்திற்கு அனுப்புமுன் என் தம்பி மகன் இவற்றையும் எண்ணிப் பார்க்கட்டும்!

நானறிந்த ஓட்டுநர் ஒருவர் தவணையில் பழைய கார் ஒன்று வாங்கினார். அதன் கேம் ஷாப்டைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட் என்பதையும், அதனைக் குறித்த காலத்தில் மாற்றவேண்டும் என்பதையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஒருநாள் நெடுஞ்சாலையில் அது அறுந்தது. வால்வுகள் பிஸ்டன்களில் மோதி வளைந்தன. ஒரே நொடியில் அக்குடும்பத்தின் பல மாத வருவாய் போயிற்று. அது நல்ல எஞ்சின்தான். அதற்கு வேண்டிய பராமரிப்பை உரியவர் அறியாததே கேடாயிற்று.

ஆகவே கார் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் புதியதா பழையதா என்பதோடு நில்லாதீர்கள். கேம் ஷாப்டை இயக்குவது பெல்ட்டா சங்கிலியா, பெல்ட் ஆயின் எப்போது மாற்றுவது, நம் ஊரில் பழுது பார்ப்பவர் உண்டா என்று கேளுங்கள். நேரம் மாறும் வால்வுகள் எண்ணெயை நம்பியே இயங்குவதால், உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள். புதுமை வரட்டும், அதனை வரவேற்போம். ஆனால் ஓர் ஏழை தன் கையாலேயே பேணக்கூடிய பொறியைப் படைத்ததும் பேரறிவே என்பதை மறவாதிருப்போம்.