கடல் நடுவே ஒரு தாகம்

கடல் நடுவே தாகம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத்துக்கும் அது வருவதுண்டு. சுற்றிலும் எல்லையற்ற நீர் பரந்து கிடக்க, தன்னுள்ளே சிறிதளவு நீர் ஓடாத காரணத்தால் படகின் இயந்திரம் கொதித்துத் திணறி, ஈற்றில் இறுகி நின்றுவிடுகின்றது. ஓடும்போது அதன் இரைச்சலை வெறுத்தவரும், அது நின்றபின் எழும் அமைதியைக் கண்டு அஞ்சுவர்.

நாம் வெள்ளவத்தையில் வசிப்பவர். கல்லூரியிற் பௌதிகம் போதிப்பது எமது தொழில். வெப்பம் பற்றிய பாடம் தொடங்கும் காலத்தில், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்வது வழக்கம். படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அங்குளர். சூடேறும் இயந்திரம் ஒன்று அவர்முன் கிடந்தது. “எங்கே தொடங்குவீர்கள், ஐயா?” என்று வினவினோம். “எஞ்சின்ல கை வைக்கவே மாட்டேன், மாஸ்டர். முதல்ல தண்ணியைப் பாப்பேன்” என்றார்.

அவர் கூற்றின் பொருளைச் சிறிது விரித்துரைப்போம். இலங்கையில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி 1950களின் பிற்பகுதி முதல் அரசாங்க ஆதரவுடன் பரவிற்று. பாயும் துடுப்பும் இருந்த இடத்தில் இன்று கண்ணாடியிழைப் படகும், அதன் பின்புறத்தே தொங்கும் வெளியிணைப்பு இயந்திரமும் பெருகிவிட்டன. உருளையினுள் எரியும் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2,000 பாகை செல்சியசையும் கடக்கும். மோட்டார் வண்டியில் இவ்வெப்பத்தை அகற்ற முன்புறத்தில் நீர்க்கலனும் விசிறியும் உண்டு. வெளியிணைப்பு இயந்திரமோ கடலையே தன் நீர்க்கலனாகக் கொண்டது. நீருள் அமிழ்ந்த வாயிலாற் கடல்நீரை இழுத்து, இறப்பர் இதழ்கள் கொண்ட சிறு சுழலியால் மேலே தள்ளி, உருளைகளைச் சுற்றி ஓடவிட்டு, மீண்டும் கடலுக்கே அனுப்புகின்றது. அந்நீரில் ஒரு சிறுபகுதி, துளையொன்றால் மெல்லிய தாரையாக வெளியே பாயும். அத்தாரையே இயந்திரத்தின் நாடி.

தாரை மெலிந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முதலில் அத்துளையினுள் மெல்லிய கம்பியொன்றைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். உப்போ மணலோ துளையை மட்டும் அடைத்திருக்க, உள்ளே நீர் குறைவின்றி ஓடியிருத்தலும் கூடும். அடுத்து, இயந்திரத்தைச் சரித்து உயர்த்தி, நீர் புகும் வாயிலை நோக்கவேண்டும். அங்கும் தடையில்லையெனில் ஐயம் சுழலியின்மேல் விழும். நீரின்றிச் சிறிது நேரம் ஓடினாலே அதன் இறப்பர் கருகிவிடும். ஆதலாற் கரையில் வைத்து வெறுமனே இயக்கிப் பார்ப்பது தகாது. இதழ் முறிந்திருந்தால், புதிய சுழலி பூட்டுவதோடு அமையாது, முறிந்த துண்டுகளையும் தேடி எடுக்கவேண்டும். இல்லையேல் அவை மேலே சென்று வேறொரு வழியை அடைத்துக்கொள்ளும்.

தாரை நன்கு பாய்ந்தும் சூடு தணியவில்லையாயின், அதன்பின்னரே உள்ளே செல்லலாம். வெப்பநிலைநிறுத்தி என்னும் சிறு கதவு மூடியபடி சிக்கியிருக்கலாம், நீரோடும் வழிகளில் உப்புப் படிந்திருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம். நீருள் சுழலும் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டதா என்பதையும் மறத்தலாகாது.

எம் மாணவன் ஒருவனுக்கு இவ்வளவு பொறுமை இல்லை. “எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் உடனே தெரியாதா?” என்றான். “தம்பி, வாசக்கதவு திறந்திருக்கா பாக்காம கூரையைப் பிரிக்கலாமா?” என்றார் முதியவர்.

கடலில் இத்தகைய அவகாசம் கிடைப்பது அரிது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாள்களில், இயந்திரம் நின்ற படகை அலை தன் விருப்பப்படி கொண்டுசெல்லும். கரையோரமாயின் பாறையிலும் மோதும். எச்சரிக்கை ஒலி கேட்டபின்னும், ‘கரை அண்மையிற்றானே’ என்று விரைபவர் இயந்திரத்தையே இழப்பர். நங்கூரம் பாய்ச்சக்கூடிய இடமெனில் பாய்ச்சி, இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுதலே முறை. கொதிக்கும் உலோகத்தின்மீது குளிர்நீரை ஊற்றலாகாது, அது வெடித்துவிடக்கூடும். கரை சேர்ந்ததும் நன்னீரை உட்செலுத்திச் சுமார் பத்து நிமிடம் கழுவினால், உப்பினால் வரும் தொல்லை பெரிதும் குறையும்.

இயந்திரங்களின் வாயிலிலிருந்து தாம் எடுத்தவற்றை அம்முதியவர் ஒருநாள் எம்முன் பரப்பிக் காட்டினார். கடற்பாசி ஒரு பிடி. எஞ்சியவை பொலித்தீன் துண்டுகள். 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனும், சோறு சுற்றும் பொலித்தீன் தாளும் 2017 செப்டெம்பர் 1 முதல் இந்நாட்டிலே தடைசெய்யப்பட்டன. ஆயினும், பெருமழை பெய்த மறுநாள் வெள்ளவத்தைக் கால்வாய் கடலிற் சேருமிடத்தில் நின்று பார்ப்போர், சட்டம் வேறு, வழக்கம் வேறு என்பதை அறிவர். களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும் அதே காட்சிதான்.

சந்தையிலிருந்து வீடுவரை மீனைச் சுமந்து வந்த பை, அரை மணி நேரத்தில் தன் பணியை முடித்துக்கொள்கின்றது. பின்னர் அதுவே கால்வாய் வழியே கடலடைந்து, மீன் தந்தவரின் இயந்திரத்துத் தொண்டையை அடைக்கின்றது. வாசலை முதலிற் பார் என்றார் முதியவர். படகின் சூட்டுக்குக் காரணம் தேடுவோர், நம் வீட்டு வாசலையும் ஒருமுறை பார்த்தல் நன்று.