குருதித் தூசும் அளவுகோலும்

அளத்தல் என்பது எண்ணுவதோடு முடிந்துவிடும் செயலன்று. அளப்போர் யாவரும் ஒரே கோலைக் கைக்கொண்டாலன்றி அவர்கள் கூறும் எண்களுக்குப் பொருளில்லை. யாழ்ப்பாணத்தார் காணி அளந்த முறை இதற்குத் தக்க சான்றாகும். அங்கே நெல் விதைப்புக் கணக்கிலான பரப்பு வேறு. வரகு விதைப்புக் கணக்கிலான பரப்பு வேறு. பின்னது முன்னதினும் பெரிது. பெயர் ஒன்றாயிருப்பினும் நிலம் ஒன்றன்று. எந்தக் கணக்கு என்பதை உறுதியில் எழுதிவைத்தமையாலேயே பல வழக்குகள் தவிர்க்கப்பட்டன.

இப்பழைய உண்மையை இன்று மிகப் புதியதோர் அறிவியற்றுறை பெரும் பாடுபட்டுக் கற்றுவருகின்றது. மனிதக் குருதியில் மிதக்கும் மிகச் சிறிய துணிக்கைகளை எண்ணும் துறையே அது. இத்துறைபற்றி வாசிக்கத் தொடங்கிய நாள்முதல் என் உள்ளத்தைக் கவர்ந்தது அத்துணிக்கைகளின் விந்தையன்று. அவற்றை அளப்பதற்கு உலகின் ஆய்வுகூடங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வர முயன்ற வரலாறே. அதனையே இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன்.

1946 ஆம் ஆண்டிலே சார்காஃப், வெஸ்ற் என்னும் இருவர் நியூயோர்க்கில் ஓர் அவதானிப்பை வெளியிட்டனர். கலங்கள் நீக்கப்பட்ட திரவவிழையத்தை மிகுந்த வேகத்தில் மையநீக்கஞ் செய்தபோது எஞ்சிய திரவவிழையம் உறைவதற்குக் கூடிய நேரம் எடுத்தது. அடியிற் படிந்த ஏதோவொன்று உறைதலைத் தூண்டும் ஆற்றலுடையது என்பது இதனாற் பெறப்பட்டது. அப்படிவில் இருப்பவை குருதிச் சிறுதட்டுக்களிலிருந்து கழன்ற நுண்துணிக்கைகள் என 1967 இல் பீற்றர் வூல்ஃப் காட்டினார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'சிறுதட்டுத் தூசு' என்பதாகும். 1983 ஆம் ஆண்டிலே மொன்றியலிலும் செயின்ற் லூயிசிலும் இரு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, முதிரும் செங்குழியங்கள் தமக்கு வேண்டாத புரதங்களை நுண்பைகளாக்கி வெளியே தள்ளுவதைக் கண்டனர். 2007 இல் சுவீடனின் கொதென்பேர்க் நகரத்து ஆய்வாளர் இந்நுண்பைகளுள் ஆர்.என்.ஏ. உண்டெனவும் அதனை மற்றொரு கலம் பெற்றுப் பயன்படுத்தக் கூடுமெனவும் காட்டினர். தூசு என்றும் குப்பை என்றும் கருதப்பட்டது கலத்துக்குக் கலம் செல்லும் மடல் எனக் கொள்ளப்படலாயிற்று.

இவற்றைக் கலவெளி நுண்பைகள் என்று தமிழில் வழங்கலாம். இவற்றின் விட்டம் ஏறத்தாழ 30 நனோமீற்றர் முதல் 1000 நனோமீற்றர் வரை. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஏழெட்டு மைக்குரோமீற்றர் அகலமுள்ள செங்குழியத்தின் முன் இவை மலையடிவாரத்து மணலை ஒக்கும். ஆயினும் இவை அற்பமானவையல்ல. ஸ்கொட் நோய் என்னும் மிக அரிய குருதிப்பெருக்கு நோயிலே, சிறுதட்டுக்கள் இத்துணிக்கைகளை உரியவாறு உதிர்ப்பதில்லை. மறுதலையாக, புற்றுநோய், நாளங்களிற் குருதி உறைதல் முதலிய நிலைகளில் இவை பெருகுகின்றனவா என்னும் வினா பல ஆய்வுகளுக்குக் காரணமாயிற்று. ஒரு துளி குருதியில் நோயின் வரவை முன்னறியக் கூடுமாயின் அது எத்துணைப் பெரிய பேறு!

எனினும் ஓர் ஆய்வுகூடம் கூறிய தொகையை இன்னோர் ஆய்வுகூடம் கூறவில்லை. இரண்டும் பல மடங்கு வேறுபட்டன. இது வெறும் அறிஞர் பூசல் என்று நினைப்பவர்க்கு, நோயாளியின் பக்கத்திலிருந்து நான் கண்ட ஒன்றைக் கூறுதல் தகும்.

என் தந்தையார் இதயத்திற் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றவர். குருதி உறையாதிருக்க நாள்தோறும் வோபரின் உட்கொண்டவர். அம்மருந்து குறையின் வால்விலே குருதி உறையும்; மிகின் உடலினுள்ளே குருதி பெருகும். ஒருமுறை ஒரே நாளில் இரண்டு தனியார் ஆய்வுகூடங்களில் அவருடைய குருதி பரிசோதிக்கப்பட்டது. ஒன்றின் விடை 2.8; மற்றையதன் விடை 4.3. முதலாவது சரியெனின் மருந்தை அப்படியே தொடரவேண்டும். இரண்டாவது சரியெனின் உடனே குறைக்கவேண்டும். வைத்தியர் இரு தாள்களையும் பக்கத்திற் பக்கமாய் வைத்துப் பார்த்து, "மாஸ்டர், இண்டைக்கு மருந்தை மாத்த வேண்டாம், நாளைக்கு இன்னொருக்கால் பாப்பம்" என்றார். பின்னர் தொலைபேசியில் விசாரித்தபோது இரண்டாவது இடத்தில் குழாய் அடையாளக் கோடு வரை நிரப்பப்படவில்லை என்பது தெரியவந்தது. ஒன்பது பங்கு குருதிக்கு ஒரு பங்கு சித்திரேற்று என்பது விதி. குருதி குறையச் சித்திரேற்று மிகும். உறையும் நேரம் நீளும். அன்றிரவு தந்தையார் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். எண்ணின் பிழை எங்கே போய் முடிகின்றது என்பதை நான் அப்போது கண்டேன்.

ஈண்டு ஒன்று நினைக்கத்தக்கது. அவ்விரு தாள்களையும் ஒப்பிட முடிந்தமைக்கே ஒரு நீண்ட உழைப்புக் காரணமாகும். குவிக் என்பார் 1935 இல் வகுத்த உறைதற் சோதனைக்கு வேண்டிய சோதனைப்பொருள் முயல், மாடு, மனிதன் என வெவ்வேறு மூளை இழையங்களிலிருந்து ஆக்கப்பட்டது. ஒவ்வொன்றின் வீரியமும் வேறு. ஆகவே ஒரே நோயாளிக்கு ஊருக்கு ஊர் வேறு விடை, வேறு மருந்தளவு. உலக சுகாதார தாபனம் சர்வதேச மாதிரிப் பொருளொன்றை நிறுவி, அதனோடு ஒவ்வொரு சோதனைப்பொருளையும் ஒப்பிட்டு, 1983 இல் சர்வதேச நியமப்படுத்திய விகிதத்தை ஏற்றது. வழக்கில் ஐ.என்.ஆர். எனப்படுவது அதுவே. குவிக்கின் சோதனை உலகுக்கெல்லாம் பொதுவான எண்ணைப் பெற ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

நுண்பைகளின் நியமப்படுத்தல் இதனினும் கடினமானது. இவற்றை எண்ணப் பெரிதும் பயன்படுவது பாய்ச்சற் குழியமானி என்னும் கருவி. ஒடுங்கிய பாய்ச்சலில் துணிக்கைகள் ஒவ்வொன்றாய் லேசர்க் கதிரைக் கடக்கும். அவை சிதறும் ஒளியைக் கருவி பதியும். ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறிய துணிக்கையின் விட்டம் பாதியாகுமாயின் அது சிதறும் ஒளி அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. எனவே சிறியவை கருவியின் இரைச்சலுள் மறைந்துபோகின்றன. எவ்வளவு சிறியதுவரை காணமுடியும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும்.

இதனைத் தீர்க்கப் பொலிசுற்றைரீன் மணிகள் அளவுகோலாயின. குருதியுறைதல் பற்றிய சர்வதேசச் சங்கத்தின் முயற்சியாகப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து, 0.5, 0.9 மைக்குரோமீற்றர் மணிகளை எல்லையாகக் கொண்டு சிறுதட்டு நுண்பைகளை எண்ணிய முடிவுகள் 2010 இல் வெளிவந்தன. பலரும் ஒரே கோலைத் தூக்கிய அம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் அக்கோலில் ஒரு நுட்பமான இடர் இருந்தது. பொலிசுற்றைரீனின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.6, நுண்பையினது ஏறத்தாழ 1.4, நீரினது 1.33. மணி பளிச்சென ஒளிரும். நுண்பையோ மங்கலாய் மினுங்கும். ஆகவே மணியளவு ஒளி தரும் நுண்பை உண்மையில் அம்மணியினும் பெரியது. அந்த எல்லைக்குள் அகப்படுபவை 800 முதல் 2400 நனோமீற்றர் வரையுள்ள நுண்பைகளும் கலங்களுமே என 2012 இல் அம்ஸ்ரர்டாம் ஆய்வாளர் கணித்துக் காட்டினர். அன்றியும், மிகச் சிறிய பல நுண்பைகள் ஒருங்கே கதிரைக் கடந்து ஒன்றெனப் பதியப்படுவதையும் அவர்கள் வெளிப்படுத்தினர். பின்னர் ஒளிச்சிதறற் கொள்கையைக் கொண்டு ஒளியளவை விட்டமாக மாற்றும் வழி வகுக்கப்பட்டது. 2018 இல் வெளியான பல ஆய்வுகூட ஒப்பீட்டில் இம்முறையால் வேறுபாடு குறைந்தது, அற்றுப்போகவில்லை.

கருவிக்கு முன்னரே குருதி எடுக்குங் கையும் அளவை மாற்றிவிடுகின்றது. சிறுதட்டு தொட்டாற் சிணுங்கும் இயல்பினது. ஊசி ஒடுங்கியதாயினும், குழாய் குலுங்கினாலும் அது புதிய நுண்பைகளை உதிர்க்கும். நோயாளியின் உடலில் இல்லாதவை குழாயிலே பிறக்கும்! எனவே முதலில் வரும் சில மில்லிலீற்றர் குருதியை விலக்குக. குழாயை நிமிர்த்தியே கொண்டுசெல்க. காலம் தாழ்த்தாது 2500 g விசையில் 15 நிமிடம் வீதம் இருமுறை மையநீக்குக என்றெல்லாம் விதிகள் எழுந்தன. சிறுதட்டுக்கள் சிறிது எஞ்சினும் உறைகுளிரில் அவை உடைந்து எண்ணைப் பெருக்கும். கொழுப்புணவு உண்டபின் எடுத்த குருதியிலோ கொழுப்புத் துணிக்கைகள் நுண்பைகள் போலத் தோன்றி மயக்கும்.

பெயர்களிலும் இக்குழப்பம் இருந்தது. ஒரே பொருளுக்குப் பல பெயர். பல பொருளுக்கு ஒரே பெயர். கலவெளி நுண்பைகளுக்கான சர்வதேசச் சங்கம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளுக்குரிய வழிகாட்டிகளில், தோற்றம் ஐயமற நிறுவப்படாதபோது பொதுப்பெயரையே வழங்குமாறும், எவ்வாறு அளந்தோம் என்பதை முற்றாக எழுதுமாறும் வேண்டியது.

இவை செல்வ நாடுகளின் கவலைகள். எமக்கென்ன என்று கேட்போர் உளர். அவர்க்கு எம் நாட்டு அனுபவமே விடை கூறும். கண்ணாடி விரியன் தீண்டியவரின் குருதி உறைகின்றதா என அறிய, தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்துப் பார்க்கும் சோதனை எமது வைத்தியசாலைகளில் நெடுங்காலமாக உண்டு. இதனினும் எளிய சோதனை இல்லை. ஆயினும் அன்றாட நடைமுறையில் அது உறைதற் குறைபாடுடையோரில் நூற்றுக்கு 40 பேரளவினரையே இனங்கண்டது என இலங்கையிற் செய்யப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு கூறிற்று. குழாயும் குருதியளவும் நேரமும் ஒழுங்குபடுத்தப்பட்டபோது அவ்வளவு 80 ஐக் கடந்ததென 2017 இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. யாவரும் ஒரே வகையாகச் செய்தனர், அவ்வளவே.

குருதி நுண்பைகளை எண்ணும் சோதனை அன்றாட வைத்தியத்தில் இன்னும் இடம்பெறவில்லை. அதற்கென விதி வகுப்போர், உறைகுளிர்ப் பெட்டியும் தடையற்ற மின்சாரமும் உள்ள ஆய்வுகூடத்தை மட்டும் மனத்திற் கொள்ளலாகாது. குண்டுங் குழியுமான வீதியில் நெடுந்தூரம் குலுங்கி வரும் குருதிக்கும் அவர்கள் விடை கூறவேண்டும். அக்குருதியைப் பற்றிய சான்றை அவர்கள்முன் வைக்கவேண்டியவர் இங்குள்ள ஆய்வாளரே. நமது பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான, வைத்திய மாணவர் இதனைத் தம் கடமையெனக் கொள்ளல் வேண்டும்.

புதிய துணிக்கையைக் கண்டவர் பெயரை நூல்கள் பொறித்துவைக்கும். பத்து நாட்டு ஆய்வுகூடங்களை ஒரே வகையிற் குழாயைப் பிடிக்கச் செய்தவர் பெயரை எவரும் நினைப்பதில்லை. எனினும் மாத்திரையைக் கையில் வைத்துக் காத்திருக்கும் நோயாளிக்கு உதவுவது பின்னவர் உழைப்பே.