பைப்புத் துண்டும் பட்டு நூலும்



'மேக்ரோ போட்டோகிராபி' என்று சொன்னாலே நம்மில் பலர், "அதெல்லாம் வசதியான வீட்டுப் பசங்க சமாச்சாரம்பா" என்று ஒதுங்கிக் கொள்கிறோம். எறும்பின் மீசையையும் பூவின் மகரந்தத்தையும் பக்கம் நிறையக் காட்டும் படங்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அதற்கென்று கடையில் விற்கும் லென்ஸின் விலையைக் கேட்டதும் பிளந்த வாய் தானாக மூடிக்கொள்கிறது! ஆனால் அந்த லென்ஸ் செய்கிற வேலையில் பாதி, நாம் இயற்பியலில் படித்துவிட்டு மறந்துபோன ஒரு சின்ன சூத்திரம்தான். மீதிப் பாதி நம் ஒர்க்‌ஷாப் ஸ்கிராப் பெட்டியிலேயே கிடக்கிறது.

படம் எடுக்க நான் காட்டுக்கும் மேட்டுக்கும் அலையவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. அப்பா நெய்வார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுப்பார். அந்தத் தறியில் ஓடும் இழையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு ஒரு காரணமும் உண்டு.

சேலை வாங்க வருகிற பலர் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இது கையால நெஞ்சதுதானா? ஜரிகை ஒரிஜினலா? எங்க பாத்தாலும் டூப்ளிகேட்டா இருக்குதுங்களே?" அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏமாந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். முப்பது வருஷமாகப் பள்ளத்தில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் என் அப்பாவுக்குச் சாமர்த்தியமாகப் பேசத் தெரியாது. "பாத்தா தெரியுமேம்மா" என்பார். அவர் கைக்கும் கண்ணுக்கும் தெரிகிறது. வாங்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் சந்தேகப்படுகிறவர் லேபிளையும் சேர்த்தல்லவா சந்தேகப்படுகிறார்!

துணிக்கும் லென்ஸுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1665-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகத்தில், ஈக்கும் பேனுக்கும் நடுவே பட்டுத் துணியையும் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக், தொழிலால் ஒரு துணி வியாபாரி! இழையின் தரம் பார்க்கக் கண்ணாடி பிடித்த அந்த ஆள்தான், பின்னாளில் தானே தேய்த்த பொட்டு லென்ஸில் பாக்டீரியா வரைக்கும் பார்த்துவிட்டார். நம் காலத்திலும் ஒருவர் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தன் குழுவினருடன் சேர்ந்து, காகிதத்தை மடித்தே ஒரு நுண்ணோக்கி செய்தார். 'ஃபோல்ட்ஸ்கோப்' என்று பெயர். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2014-ல் வெளிவந்தது. உதிரிப் பொருள்களின் செலவு ஒரு டாலருக்கும் குறைவு! இவர்களுக்கெல்லாம் முடிந்தது நமக்கு முடியாதா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் வழி: கையில் இருக்கும் போன். பழுதான டி.வி.டி. பிளேயருக்குள், தட்டைப் படிக்கும் பகுதியில், மிளகு அளவில் ஒரு லென்ஸ் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். அந்த லேசருக்கு மறுபடி கரண்ட் கொடுத்துப் பார்க்கும் விளையாட்டெல்லாம் வேண்டாம், கண் போய்விடும். லென்ஸை மட்டும் எடுத்து, ஓர் அட்டைத் துளையில் பொருத்தி, போன் கேமராவின் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். பொருள் அந்த லென்ஸின் குவியத்தில் இருந்தால் கதிர்கள் இணையாக வெளிவரும். போன் அதைத் தூரத்துப் பொருள் என்று நம்பிப் படம் பிடித்துவிடும். தொல்லை ஒன்றுதான். பொருளை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். போனின் நிழலே அதன் மேல் விழும். மெல்லிய துணி என்றால் கண்ணாடி மேல் விரித்து, கீழேயிருந்து டார்ச் அடித்தால் போதும்.

இரண்டாவது வழி: பைப்பு. கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கும் என் மாமா பையன், ஓரம் கட்டி வைத்திருந்த பழைய கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் இரவல் கொடுத்தான். லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்க வைக்க உருவம் பெரிதாகும். தள்ளிய தூரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் அதுவே உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸை 50 மி.மீ. தள்ளினால், ஒரு மில்லிமீட்டர் இழை சென்சாரிலும் ஒரு மில்லிமீட்டராக விழும். பிளம்பர் மிச்சம் வைத்த பி.வி.சி. துண்டை லேத்தில் பிடித்து இரண்டு முனையையும் ஃபேசிங் செய்தேன். கேமராவின் வாய் மூடி, லென்ஸின் பின் மூடி இரண்டிலும் நடுவே வட்டமாக வெட்டி, முனைக்கு ஒன்றாக ஒட்டினேன். மூடிகளின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள். உள்ளே பளபளப்பு இல்லாத கறுப்புத் தாள் சுற்றாவிட்டால் படம் வெளுத்துப் போகும். பைப்பு வழியே மின்தொடர்பு வராது. எனவே அபர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ்தான் இதற்கு உத்தமம்.

இனி இரண்டு சிக்கல்கள். ஒன்று, வெளிச்சம். இந்த நிலையில் எஃப்/8 என்று வைத்தாலும் அது எஃப்/16 போல் நடந்துகொள்ளும். வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். எல்.இ.டி. மேஜை விளக்கின் முன் டிராயிங் வகுப்பின் டிரேசிங் ஷீட்டைக் கட்டி, எதிர்ப்பக்கம் அம்மாவின் எவர்சில்வர் மூடியை நிறுத்தினேன். இரண்டாவது, ஃபோகஸ். தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மூச்சு விட்டால் போச்சு! இதற்கு எம்-6 போல்ட் கைகொடுத்தது. அதன் பிட்ச் 1 மி.மீ.; கால் சுற்று திருப்பினால் மேடை சரியாக 0.25 மி.மீ. நகரும். அப்படி நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களை இலவச மென்பொருளில் ஒன்றாக அடுக்கினால், முன்னும் பின்னும் தெளிவான ஒரே படம் கிடைத்துவிடும். அளவு தெரிய வேண்டுமா? அதே அமைப்பில் ஸ்டீல் ரூலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன தெரிந்தது? ஜரிகை இழை ஒன்றில், சிவப்புப் பட்டு நூலைச் சுற்றி, தங்க முலாம் பூசிய தட்டையான வெள்ளித் தகடு ஸ்பிரிங் போலச் சுற்றியிருந்தது. மலிவான போலி ஜரிகையைப் பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் தாளின் மினுமினுப்பு உடனே காட்டிக்கொடுத்தது. கோர்வை இன்னும் அழகு. உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துத் தத்தம் பக்கம் திரும்புகின்றன. ஒரே நாடாவில் நெய்த சேலையில் இது கிடையாது. உடலின் நிறம் கரைக்குள்ளும் எட்டிப் பார்க்கும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று எந்தப் போட்டோவும் சொல்லாது. அதற்கு எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்க்கும் கருவி வேண்டும். எங்கள் படம் சொல்வது இழையின் கட்டமைப்பையும் கையின் வேலையையும் மட்டும்தான். ஆனால் அதுவே பெரிய சாட்சி.

கோர்வைப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நான் போடறதுதான்... ஆனா இம்மாம் பெருசா நானே பாத்ததில்லடா" என்றார். அம்மாவோ, "இந்தப் பக்கத்து நூலு என்து, மறக்காத!" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். இப்போது சேலை கேட்டு வருபவர்களிடம் அப்பா அதிகம் பேசுவதில்லை. போனை எடுத்து அந்தச் சேலையின் படத்தை நீட்டுகிறார். எல்லோரும் வாங்குகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகக் கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு தொழில் இருக்கும். தச்சு, நகை வேலை, விவசாயம், இட்லிக் கடை... ரம்பத்தின் பல்லையும், பற்றவைத்த நகையின் இணைப்பையும், நெற்கதிரின் பூவையும் ஒருமுறை இப்படி நெருங்கிப் பாருங்கள். ஒரு பைப்புத் துண்டு, ஒரு போல்ட், கொஞ்சம் பொறுமை போதும். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் படத்தைப் பார்க்கக் காத்திருக்கிறேன்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை